நாக்குப் படாத கொட்டைகள்

போன மாதம் மலாக்கா டவுனில் ஓர் ஓட்டலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சமையல் படிக்கும் பிள்ளைகளுக்குக் குழம்பில் போடும் கெலுவாக் கொட்டையைப் பக்குவப்படுத்துவது எப்படி என்று செய்து காட்ட வேண்டுமாம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அதனால் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிப் போனேன்.

கொட்டையின் வாய்ப்பக்கத்தைச் சின்ன உலக்கையால் தட்டித் திறந்தேன். உள்ளே இருந்த கறுப்புப் பருப்பை மூங்கில் சிம்பால் துளி சுரண்டி நாக்கு நுனியில் வைத்தேன். துப்பினேன். புதுச் சிம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த கொட்டைக்குப் போனேன். முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு முகம் கோணிவிட்டது.

"ஆன்ட்டி, ஒவ்வொன்னையும் இப்படித்தான் நாக்குல வெச்சுப் பாப்பீங்களா? சுத்தமில்லலா. இப்பல்லாம் பேக்கட்லயே கிளீன் பண்ணி வருது."

"பழக்கமாயிடுச்சும்மா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. சரியான பதிலைச் சொல்ல நேரம் பிடிக்கும்; அங்கே எனக்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பெண் படித்தால் சந்தோஷம்.

என் பேர் அஞ்சலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடிவந்தோம். என் வீட்டுக்காரருக்கு நகராட்சியில் கால்வாய் துப்புரவு வேலை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பக்கத்துச் சந்தில் செட்டிகள் குடியிருந்தார்கள். மலாக்காச் செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறவர்கள், நெற்றியில் திருநீறும் உண்டு. ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அந்த மலாய்க்குள் அங்கங்கே நம் தமிழ் வார்த்தை ஒன்று தலைகாட்டும். அந்தச் சந்தில்தான் கெலுவாக் கொட்டை பக்குவப்படுத்தி விற்ற பீபி தெய்வானை இருந்தார்; வயதில் பெரியவளைப் பீபி என்பார்கள். சாரோங், கெபாயாச் சட்டை, கொண்டையில் மூன்று ஊசி, வாயில் எந்நேரமும் வெற்றிலை. நான் வேலை கேட்டு நின்றபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மிளகாய் நெறைய சாப்பிடுவியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "கொறைச்சுக்க. நாளைக்கு வா" என்றார். அவர் மலாயில் பேசியதை எல்லாம் நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் இப்போது அப்படித்தான் கேட்கிறது.

கெலுவாக் மரத்தை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. அலோர் காஜா பக்கத்து ஆற்றோரக் காடுகளில் தானாக நிற்கும். தேங்காய் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் காய்த்து, பழுத்து விழும். காட்டு ஓரத்து ஜனங்கள் விழுந்ததைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். பீபியின் கணவர் பாக் பிள்ளை லோரியில் போய் ஏற்றிக்கொண்டு வருவார். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்திருந்த அவசரகாலம் அது. காட்டுக்குள் போகவர ஆயிரம் கெடுபிடி. ஒரு மாதம் சாக்குச் சாக்காக வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. வரும்போது வாங்கிப் பக்குவப்படுத்தி வைத்துக்கொண்டால்தான் வருஷம் முழுவதும் விற்கலாம்.

இந்தக் கொட்டை புதிதாக இருக்கும்போது விஷம். எனக்கு இதை யாரும் வாயால் சொல்லித் தரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உடைந்த புதுக் கொட்டை ஒன்றிலிருந்து சிதறிய வெள்ளைப் பருப்பைப் பக்கத்து வீட்டுக் கோழி வந்து கொத்தியது. நான் விரட்டக்கூட இல்லை, பாவம் தின்னட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது கழுத்தைத் திருகிக்கொண்டு என் காலடியிலேயே விழுந்தது. நான் அலறிவிட்டேன். பீபி திரும்பிப் பார்த்து, "தெரிஞ்சுக்கிட்டியா? போய்க் கைய கழுவு" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் செய்யச் செய்ய வந்தது. புக்கிட் பாரு போகும் வழியில் கொஞ்சம் மேட்டு நிலம் பீபிக்கு இருந்தது. தண்ணீர் நிற்காத இடம். அங்கேதான் எங்கள் குழிகள், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. வந்த பழத்தை அழுகவிட்டுச் சதையைக் கழுவி எடுத்ததும் கொட்டையைத் தண்ணீரில் போடுவோம். மிதப்பதைத் தள்ளிவிடுவோம். முங்கியதைத் தகர டிரம்மில் போட்டுப் பொழுதெல்லாம் வேகவைப்போம். பிறகு குழிக்குள் சாம்பல், வாழையிலை, கொட்டை, மறுபடி சாம்பல், மறுபடி இலை என்று அடுக்கி மண்ணைப் போட்டு மூடுவோம். ஒரு மண்டலத்துக்குக் குறையாமல் உள்ளே கிடக்க வேண்டும். அதற்குள் வெள்ளைப் பருப்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிவிடும். கறுத்தால் விஷம் போய்விட்டது என்று அர்த்தம். தோண்டி எடுத்துக் கழுவி, தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உலர்ந்த சாம்பல் தூவிச் சாக்கில் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

ஓடு மட்டும் சனியன். பழுத்த கொட்டைக்கும் பழுக்காத கொட்டைக்கும் வெளியில் ஒரே நிறம். அதனால்தான் நாக்கு. ஒவ்வொரு குழியைத் தோண்டும்போதும் பீபி குட்டை மணையில் உட்கார்ந்து, மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை என்று எடுத்து உடைப்பார். சிம்பால் சுரண்டி நாக்கு நுனியில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு பக்கத்து டின்னில் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். "ஜாடி" என்றால் ஆயிற்று. "புவாங்" என்றால் கெட்டது, எறி. ஒன்று கசந்தால் அந்தக் குழி முழுவதையும் மறுபடி மூடச் சொல்வார். வாங்கிப் போகும் வீடுகளிலும் பருப்பைத் தோண்டி எடுத்து, சமைப்பதற்கு முன் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு காவல் இருந்தது.

நாக்கு வேலை இருக்கும் நாட்களில் பீபிக்கு வெற்றிலை கிடையாது, மிளகாய் கிடையாது. வெற்றிலை இல்லாத பீபியின் பக்கத்தில் யாரும் போக முடியாது. தும்மினால் திட்டு, தும்மாமல் இருந்தால் ஏன் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாய் என்று திட்டு. பாக் பிள்ளை லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ரிப்பேர் பார்ப்பது போல நடிப்பார்.

ஒரு தடவை தெங்கேராவிலிருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, காரில் வந்து இறங்கினார். மகனுக்குக் கல்யாணமாம், நாள் நெருங்கிவிட்டதாம், குழியில் இருப்பதை இப்போதே எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பீபி குழியின் ஓரத்தைத் தோண்டி ஒரு கொட்டையை எடுத்து உடைத்தார். உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தது. அதைத் தவுக்கேயின் மூக்குக்கு நேரே நீட்டி, "கல்யாணமா, கருமாதியா?" என்றார். மனிதர் காருக்குள் ஏறியதுதான் தெரியும். பாக் பிள்ளை சிரித்துச் சிரித்து இருமினார்.

பாக் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரம சாது. லோரி ஓட்டுவார், சாக்கு இறக்குவார், கோயிலில் மணி அடிப்பார். குழி வேலையில் தலையிட மாட்டார். அவருக்கு உலகத்தில் பெரிய மனிதர் அவருடைய அப்பா. மெர்டேக்கா வரும், சுதந்திரம் வரும் என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு, வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார் அந்தப் பெரியவர். மலாக்காவே கொடியும் தோரணமுமாக ஆடிய அன்று பாக் பிள்ளை மட்டும் லோரியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "அப்பா பாக்கல அஞ்சல, அப்பா பாக்கல" என்று என்னிடம் சொன்னார். 

செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முந்தின நாள், போகி அன்று, இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்து, பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் சாப்பிட வேண்டும். அதுவரைக்கும் சமைத்ததில் ஒரு துளியையும் யாரும் ருசி பார்க்கக் கூடாது. எச்சில் பட்டதை முன்னோருக்கு வைப்பார்களா?

இங்கேதான் எங்கள் தொழிலுக்கு ஒரு சிக்கல். நாக்குப் படாமல் கெலுவாக்கை நம்ப முடியாது, நாக்குப் பட்டால் படைக்க முடியாது. பீபி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பார்ச்சுக்கு என்றே தனியாக ஒரு குழி. எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிரப்புவோம், எல்லாவற்றுக்கும் கடைசியில் திறப்போம். ஒரு மண்டலம் அல்ல, இரண்டு மண்டலத்துக்கு மேலேயே கிடக்கும். காலமே அதைப் பழுக்க வைத்துவிடும் என்பதால் நாக்கு தேவைப்படாது. சந்தில் இருந்த செட்டி வீடுகள் எல்லாம் அந்தக் குழியிலிருந்துதான் வாங்கும். சமைக்கும்போதும் பருப்பைத் தோண்ட மாட்டார்கள். தோண்டினால் பழக்கதோஷத்தில் விரல் வாய்க்குப் போய்விடும் என்று ஓட்டின் வாயை மட்டும் திறந்து அப்படியே புளிக்குழம்பில் போடுவார்கள்.

மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் போகி. காலையில் பார்ச்சுக் குழியைச் சுத்தம் செய்து பழைய சாம்பலை அள்ளிக் கொட்டச் சொல்லியிருந்தார் பீபி. கொட்டைகளைத் தோண்டி ஊறவைத்து வீடு வீடாகக் கொடுத்து முடித்தாயிற்று. நான் தனியாகக் குழிக்குள் இறங்கிச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தேன். மூலையில் சில கொட்டைகள் தப்பிக் கிடந்தன. சரி, நம் வீட்டுக் குழம்புக்கு ஆச்சு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஒன்றை உடைத்தேன்.

வெள்ளை. தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை.

இன்னொன்றை உடைத்தேன். கறுப்பு. அதற்கடுத்தது மறுபடி வெள்ளை.  தீபாவளிக்கு முன்னால் நானே மூடிய குழி அது. எப்படி என்று யோசிக்கக்கூட மண்டை ஓடவில்லை. எல்லா வீட்டிலும் இந்நேரம் குழம்பு இலைக்கு வந்திருக்கும் என்பது மட்டும்தான் ஓடியது. பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரரின் சைக்கிளைக் கேட்காமலேயே எடுத்தேன். எனக்குச் சைக்கிள் அரைகுறை. வழியில் இரண்டு இடத்தில் விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு காஜா பெராங் போய்ச் சேர்ந்தேன்.

பீபி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முன்னோர் சாப்பிடும் நேரம். வெளியே சொந்தக்காரர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சந்து முழுக்க அதே மாதிரிச் சாத்திய கதவுகள்தான். எனக்கு உயிர் வந்தது. இன்னும் யாரும் சாப்பிடவில்லை.

"பீபி, யாரும் சாப்பிடக் கூடாது!" என்று கத்தினேன். பாக் பிள்ளையின் தங்கை கமலா வாயில் விரல் வைத்து என்னை முறைத்தாள்.

பீபி எழுந்து வந்து என் கையிலிருந்த வெள்ளைப் பருப்பை வாங்கினார். நகத்தால் கீறி நாக்கு நுனியில் வைத்தார். உடனே துப்பினார்.

"எந்தக் குழி?"

"பார்ச்சுக் குழி, பீபி."

"பொய் சொல்லாத."

"சாமி சத்தியமா."

அப்போது பாக் பிள்ளை, வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக, சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார். "அது நான் போட்டது. ரெண்டு வாரம் முன்னாடி போய்ப் பாத்தேன், மழைல குழி எறங்கிக் கொறையா கெடந்துச்சு. அப்பாவோட மொதல் பார்ச்சு. கொறையா இருக்கலாமா? டிரம்மில இருந்த கொட்டைல ஒரு கூடை எடுத்துக் கலந்து மூடிட்டேன். வேக வெச்சதுதானே?" நல்ல காரியம் செய்துவிட்டு யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளை போல இருந்தது அவர் முகம்.

பீபி அவரைத் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கதவைத் தட்டாமல் ஒரே தள்ளாகத் திறந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் 'ஐயோ' என்று எழுந்துவிட்டார்கள். "கமலா, அந்தக் கொட்டைய எல்லாம் எடுத்துக் குழி தோண்டிப் பொதை" என்று சொல்லிவிட்டு, சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்துக்குள் ஓடினார். ஒவ்வொரு வாசலிலும் அவர் குரல் கேட்டது. அந்த நேரத்தில் அந்தச் சந்தில் யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். பீபி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்.

கமலா நகரவில்லை. முன்னோர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையில் எப்படிக் கை வைப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் வாசற்படியிலேயே நின்றார்கள். பாக் பிள்ளைதான் உள்ளே போனார். இலையை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் அப்பாவின் படத்துக்கு முன்னால், அப்பாவின் இலையில், சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, ஒங்களுக்கு நான் விஷம் வெப்பேனா?" என்றார். ஒரு கொட்டையை எடுத்து, கரண்டிக் காம்பால் பருப்பைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"பாக்! துப்புங்க! துப்புங்க!" என்று அலறினேன்.

"கசக்கவே இல்ல அஞ்சல" என்றார். அடுத்ததை எடுத்தார். காலையிலிருந்து விரதம், வெறும் வயிறு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. புளியிலும் காரத்திலும் கசப்பு தெரியவில்லையா, தெரிந்தும் தின்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

யாரும் படியைத் தாண்டவில்லை. நான்தான் போனேன், சாம்பலும் ரத்தமுமான காலோடு. இலையைப் பிடித்து இழுத்தேன், அது கிழிந்து குழம்பு பாய் எல்லாம் ஓடியது. "அப்பாவோட எல!" என்று கமலா என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். அண்ணனைப் பார்த்து அல்ல.  அதற்குள் அவர் முன்னால் வெறும் ஓடுகள் குவிந்திருந்தன.

பீபி மூச்சு வாங்க ஓடி வந்தார். "எல்லா வீட்லயும் சொல்லிட்டேன், யாரும் வாய் வெக்கல, யாரும் வாய் வெக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அந்த எலைல உயிரோட இருக்கிறவங்க உக்காரக் கூடாதுங்க" என்றார் மெதுவாக. "எந்திரிச்சு வாங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. சுவரைப் பிடித்தார், சுவரும் கையில் நிற்கவில்லை. பீபி தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். லோரி வாசலில்தான் நின்றது, ஆனால் அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பெச்சா ரிக்ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பீபி அவர் தலையை மடியில் வைத்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு மனிதர் காலையில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பொங்கல் அன்று அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதை எந்த மனசில் வைத்துக்கொள்வது? பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அப்பா கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள் சிலர். பீபி கதவைத் திறந்த குற்றம் என்றார்கள் சிலர். பீபி கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் இப்படிப் பேசுவதற்கு அந்த வாய்களே மிஞ்சியிருக்காது. நான் சண்டைக்குப் போனேன், பீபிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.  காரியம் முடிந்ததும் குழி வேலைக்குத் திரும்பினார். நானும்தான். அதன் பிறகு நான் இந்தத் தொழிலில் எத்தனையோ வருஷம் இருந்தேன். எதுவும் அந்த ஒரு நாளுக்கு ஈடில்லை.

துக்கம் கழிந்து அந்த வீட்டில் மறுபடி பார்ச்சு வைத்தார்கள். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் பாக் பிள்ளைக்கும் ஓர் இலை. அவர் இலைக்குக் கெலுவாக் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பீபி அடுப்படியில் குட்டை மணையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணம் நிறையக் கொட்டை. ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து, சிம்பால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார்.

கமலா பதறிப்போனாள். "அண்ணி, என்ன பண்றீங்க? படைக்கிறது! எச்சில்!"

பீபி கண்ணைத் திறந்தார். அவருக்கு அன்று கோபம்கூட இல்லை.

"கல்யாணமான நாள்லேருந்து நான் நாக்குல வெச்சுப் பாத்துக் கொடுத்ததைத்தான் ஒங்கண்ணன் சாப்பிட்டாரு" என்றார். "ஒரே ஒரு நாள்தான் நான் வெச்சுப் பாக்கல."

 பீபி சிம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த கொட்டையை எடுத்தார்.